அழைப்பிதழில் உள்ள தங்கள் பெயரை நீக்க மறுப்பது பற்றி

அனுப்புநர்:
ச. கயல்விழி (கண் கண்ணாடிக் கடை, மேலவீதி, சிதம்பரம்),
வே. இசைவாணி (இயன்முறை மருத்துவர், கடலூர்),
இருவரும் வசிப்பது: அண்ணாமலை நகர், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்,
வெள்ளாற்றங்கரைத் தொகுதி,
தொகுதி அலுவலகம், சிதம்பரம்.

பொருள்: எங்கள் இணையேற்பு விழாவுக்குத் தலைமை ஏற்பதாக ஒப்புக்கொண்டு, பின்னர் எங்களைப் போன்றவர்களே இம்மாவட்டத்தில் இல்லை என்று பேசிய சட்டமன்ற உறுப்பினர் மீது அவரிடமே அளிக்கும் புகார்.

பார்வை: 1. சென்னைப் பேரணியில் தங்கள் உரை.
2. கடலூர்ப் பொதுக்கூட்டத்தில் தங்கள் உரை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒருவர் மீதான புகாரை அவர் கையிலேயே கொடுப்பது வழக்கமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் மேலிடத்தில் கொடுத்தாலும் அது விளக்கம் கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கே திரும்பி வரும். எதற்கு வீண் அலைச்சல் என்று நேராகவே கொண்டுவந்திருக்கிறோம்.

1. நானும் இசைவாணியும் நான்கு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். தோழிகள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள், நாங்களும் மறுக்கவில்லை. கடந்த ஆண்டு, தன்பாலின ஈர்ப்பாளர்கள் சென்னையில் நடத்திய பேரணியில் தாங்கள் வானவில் நிறத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேசினீர்கள். “ஆணும் பொண்ணுமா இருந்தாத்தான் காதலா? உங்க வூட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுங்க, மொத ஆளா நான் வந்து நிக்கிறேன்” என்றீர்கள். அந்தக் காணொலியை இசைவாணி கடலூரிலிருந்து பேருந்தில் வரும்போது பார்த்துவிட்டு அழுதிருக்கிறாள். என்னவோ ஏதோ என்று பக்கத்து இருக்கை அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாராம். நான் அழவில்லை. எனக்குத் தைரியம் வந்தது. அந்த வாரமே காடாம்புலியூருக்குப் போய் என் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

2. என் அப்பா கோ. சபாபதியைத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். முந்திரி வியாபாரம் செய்பவர், நம் கட்சியின் கிளைச் செயலாளர். கட்சிக்காரர் ஒருவர் தலைமை தாங்காமல் எங்கள் வீட்டில் எந்த விசேஷமும் நடந்ததில்லை. எனக்குப் பெயர் வைத்ததே பண்ருட்டியில் ஒரு பொதுக்கூட்ட மேடையில்தான். குழந்தையைத் தலைவர் ஒருவர் கையில் கொடுத்து, அவர் வாயில் வந்த பெயரை அப்பா அப்படியே வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா வேறு ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தாராம். அதை யாரும் கேட்கவில்லை.

நான் சொன்னதைக் கேட்டபின் அப்பா பல மாதம் என்னோடு பேசவில்லை. ஒருநாள் தங்கள் உரையை அவருக்கு முழுதாகப் போட்டுக் காட்டினேன். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். கடைசியில், “எம்.எல்.ஏ.வே மேடையில சொல்லிட்டாருன்னா அது கட்சி சொன்ன மாதிரிதான். அவரு தலைமை தாங்குனா நானும் வரேன். இல்லன்னா என்னைக் கூப்பிடாத” என்றார். மகள் சொல்லுக்கு இல்லாத மதிப்பு தங்கள் சொல்லுக்கு இருந்தது. எனக்கு அதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் அப்பா இல்லாமல் மாலை மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை. அதனால்தான் தங்கள் அலுவலகப் படி ஏறினோம்.

3. தாங்கள் எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தீர்கள். வெள்ளத்தின்போது இடுப்பளவு தண்ணீரில் இசைவாணியின் அம்மாவைத் தாங்களே படகுவரை தூக்கிவந்ததை அவள் நினைவுபடுத்தினாள். தாங்கள் கூச்சப்பட்டீர்கள். “வரேம்மா, தேதிய மட்டும் ராமாமிர்தத்துக்கிட்ட சொல்லிடுங்க” என்றீர்கள். தங்கள் உதவியாளர் திரு. ராமாமிர்தம் பிப்ரவரி முதல் தேதி, ஞாயிறு காலையைக் குறித்துக்கொண்டார். அழைப்பிதழ் அச்சானது. கட்சிக் கொடி நிறத்தில் கரை, உச்சியில் ‘தலைமை’ என்று தங்கள் பெயர், அதன் கீழே எங்கள் பெயர்கள். எங்கள் பெயர்களைவிடத் தங்கள் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அப்பாதான் அச்சகத்தில் கூடவே நின்று அப்படிப் போடவைத்தார்.

எங்கள் இணைவைச் சட்டம் திருமணமாகப் பதிவு செய்யாது என்று எங்களுக்குத் தெரியும். பதிவு கேட்டு நாங்கள் தங்களிடம் வரவில்லை. சொன்னபடி வந்து நில்லுங்கள் என்றுதான் கேட்டோம்.

4. கடந்த மாதம் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொதுக்கூட்டம். தேர்தல் நெருங்குகிறது, தங்கள் சென்னைப் பேச்சை எதிர்க்கட்சியினர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்வதாகத் தொடங்கி, “அதெல்லாம் மெட்ராஸ் விவகாரம். நம்ம கடலூர் மாவட்டத்துல அப்படி யாரும் கெடையாது” என்றீர்கள். நல்ல கைதட்டல்.

முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று மஞ்சள் பை நிறைய அழைப்பிதழ்களைக் கொண்டுபோயிருந்தார். அவர் எழுந்தார். “ஐயா, எம் பொண்ணு இருக்குதுங்கய்யா” என்றார். அது மேடைக்குக் கேட்டிருக்காது என்று திரு. ராமாமிர்தம் பிறகு எங்களிடம் சமாதானம் சொன்னார். கேட்டது, ஐயா. தாங்கள் திரும்பிப் பார்த்தீர்கள், பிறகு சாலை வசதியைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள் என்று அப்பா சொல்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். தாங்கள் பேசி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.

5. அடுத்த வாரம் திரு. ராமாமிர்தம் என் கடைக்கு வந்தார். கொடுத்த அழைப்பிதழ்களைத் திரும்ப வாங்கி, தங்கள் பெயர் மேல் தாள் ஒட்டிவிடச் சொன்னார். அதற்கு ஈடாகத் தாங்கள் விழாவுக்கு முதல்நாள் எங்கள் வீட்டுக்கு வந்து பொன்னாடை போர்த்துவீர்களாம். புகைப்படம் மட்டும் கூடாதாம். பெண்ணும் பெண்ணும் இணையேற்கலாம், அதைக் கேமராதான் பார்க்கக் கூடாது போலும். நான் முடியாது என்றேன்.

இங்கிருந்து அவர் நேராக மண்டப உரிமையாளர் அமீனா பீவியிடம் போயிருக்கிறார். ஜெனரேட்டர் பழுது, மராமத்து வேலை என்று எதையாவது சொல்லித் தேதியை ரத்து செய்யச் சொல்லியிருக்கிறார். “தம்பி, தேதி குடுத்தா குடுத்ததுதான். நேரத்துக்கு ஒண்ணு பேச இது என்ன அரசியலா?” என்று அந்த அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். அவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர் என்று எனக்குத் தெரியாது. மண்டபம் எங்களுக்கு உறுதி.

6. தாங்கள் கெட்டவர் என்று இம்மனுவில் எங்கும் எழுதவில்லை. தொகுதியில் ஒரு காதுகுத்து, ஒரு கருமாதிகூடத் தாங்கள் விட்டதில்லை. தங்கள் கண்ணாடி எங்கள் கடையில் செய்ததுதான். அன்று சோதித்தபோது தூரத்தில் உள்ள எழுத்தெல்லாம் கடகடவென்று படித்தீர்கள்; கையில் கொடுத்த அட்டைதான் தெரியவில்லை. எங்கள் விஷயத்திலும் அதேதான் நடந்திருக்கிறது. எங்களை வெளிப்படையாகத் திட்டுகிற அரசியல்வாதிகளும் இருக்கிறார்கள். அவர்கள் சென்னையிலும் திட்டுகிறார்கள், கடலூரிலும் திட்டுகிறார்கள். அவர்களை நம்பி யாரும் அப்பாவிடம் உண்மையைச் சொல்வதில்லை. தங்களை நம்பி நான் சொன்னேன். ஆதரவு என்பது செங்கல்பட்டு தாண்டியதும் மடித்துப் பையில் வைக்கிற துண்டு அல்ல.

7. கூட்டத்துக்கு மறுநாள் காலை அப்பா முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை முந்திரிப்பருப்பு. இசைவாணி, “வாங்க மாமா” என்றாள். அவர் வாசலில் கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே வந்தார். “அத்தன பேரு முன்னால எழுந்து சொல்லிட்டேன். இனிமே என்னா இருக்குது? அவரு வந்தாலும் வரலன்னாலும் நான் வரேன்” என்றார். அப்போது நான் அழுதேன். தங்கள் பெயரை நீக்கக் கூடாது என்று சொன்னவரும் அவரே. “சொன்னவரு பேரு, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார்.

ஆகவே நாங்கள் வேண்டுவது:

(அ) குறித்த நாளில் வந்து தலைமை ஏற்க வேண்டும். முன்வாசல் வழியாக, பகலில், புகைப்படத்தோடு.

(ஆ) சென்னையில் சொன்னதை மஞ்சக்குப்பம் மைதானத்திலும் சொல்ல வேண்டும். புதிதாக எதுவும் தயாரிக்க வேண்டாம், பழைய பேச்சே போதும்.

(இ) இவை முடியாதென்றால், அதைத் தாங்களே என் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். திரு. ராமாமிர்தத்தை அனுப்ப வேண்டாம்.

விழா எப்படியும் நடக்கும். மேடையின் நடுவே தங்கள் நாற்காலி போடப்பட்டிருக்கும். மாலை மாற்றும் நேரம்வரை அதில் வேறு யாரையும் உட்கார விடமாட்டோம். அதற்குள் தாங்கள் வரவில்லையென்றால் அப்பாவை அதில் உட்காரவைப்போம். அவர் நின்றது போதும்.

இடம்: சிதம்பரம்
நாள்: 12.01.2026

இணைப்பு: அழைப்பிதழ் ஒன்று (தங்கள் பெயர் உள்ளபடியே)

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்தில் இருக்கும்,

ச. கயல்விழி
வே. இசைவாணி

கோ. சபாபதி
கிளைச் செயலாளர், காடாம்புலியூர்
(மணப்பெண்கள் இருவருக்கும் அப்பா)