பழுப்பு அட்டைப் புத்தகமும் குழாயடி வரிசையும்

பெரிய கிராணி வீடு,
பத்தாங் பெர்ஜுந்தாய் வழி,
கோலசிலாங்கூர் மாவட்டம்.
19-8-1926

பேரன்புள்ள குமாரசிங்கம் அண்ணா அவர்களுக்கு, தங்கை வாகீஸ்வரி வணங்கி எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நடந்தது எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குக் குறைவு தரும் சங்கதிகளையும் விடமாட்டேன். நீங்கள் நம் ஐயாவுக்கு எழுதிய கடிதத்தை ஐயா எங்கள் முன்னால் உரக்கப் படித்தார். நீங்கள் பாடம் சொல்லும் சர்வகலாசாலை வகுப்பில் அரசியல் சாஸ்திரத்தை முதன்முதலாகப் படிக்க வரும் மாணவர்களுக்கு எந்தப் புத்தகத்தை வைப்பது என்று நீங்கள் அனுப்பும் மூன்றையும் நான் படித்துச் சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். என் பதிலைப் பார்த்த பிறகுதான் நான் செப்டம்பரில் கோலாலம்பூர்ப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவதா, பதினைந்து வயதோடு படிப்பை நிறுத்துவதா என்று ஐயாவுக்கு நீங்கள் யோசனை சொல்வீர்கள். நான் எழுதும் கடிதங்களை ஐயா படித்துவிட்டுத்தான் உறையில் போடுவார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதை நினைவில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

புத்தகக் கட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. நீங்கள் சொன்னபடி, விளங்காத இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்தேன். பச்சை அட்டைப் புத்தகம் ரோமாபுரியில் போய் உட்கார்ந்தது. நூறு பக்கம் தாண்டியும் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. அதை மூடிவிட்டேன். பொன்னெழுத்துப் போட்ட நீலப் புத்தகம் மிகப் பெரியது. அதில் என் புள்ளிகள் அம்மை போட்டதுபோல் இருக்கின்றன. ஆனாலும் நீலம்தான் சிறந்தது என்று உங்களுக்கு எழுத முடிவு செய்திருந்தேன். அது விளங்கவில்லை என்றால் என்னை மந்தபுத்தி என்று நினைப்பீர்களே என்ற பயம்தான் காரணம். மெல்லிய பழுப்புப் புத்தகம் எளிதாக இருந்தது. அதனாலேயே அதைத் தாழ்வாக எண்ணினேன். அதில் அத்தியாயம்தோறும் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. முதல் கேள்வி: ‘இன்று நீ யாருக்குக் கீழ்ப்படிந்தாய்? ஏன்?’ குழந்தைக் கேள்வி என்று சிரித்தேன்.

இங்கே ஆறு வாரமாக மழை இல்லை. உத்தியோகஸ்தர் வீடுகளின் தொட்டி வற்றிவிட்டது. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக் குழாய் ஒன்றில்தான் தண்ணீர் வருகிறது, அதுவும் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து வரை. லயத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது அண்ணா. விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகும்போதே அவரவர் மண்ணெண்ணெய் டின்னைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிட்டுப் போகிறார்கள். நாளெல்லாம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வரும்வரை அந்த டின் அவர்களுக்காக நிற்கும். சின்னத்தாயின் டின்னில் சுண்ணாம்புக் கோடு, கலாவதியின் டின்னில் சிவப்புத் துணி. காவல் கிடையாது, எழுதிய சட்டம் கிடையாது. ஒருத்தி டின்னை இன்னொருத்தி தொடமாட்டாள். குடிகாரர்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

உத்தியோகஸ்தர் வீடுகளுக்கு முதலில் தண்ணீர் விடவேண்டும் என்று ~~திங்கட்கிழமை~~ ஞாயிறு மாலை ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. ஆபீஸ் எழுத்து வேலையெல்லாம் பெரிய கிராணியான ஐயாவுடையது; எழுதியவரும் அவரே. மறுநாள் பெரட்டில், வேலை வாங்கும் மண்டோர் காளியண்ணன் அதைச் சத்தமாகச் சொன்னார்.

நமக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் அன்று பிற்பகல் நானே வாளியோடு போனேன். “கிராணியின்ர பெட்டை வாளி தூக்கிறதோ?” என்று அம்மா வாசல்வரை வந்து தடுத்தும் கேட்கவில்லை. கையில் நீலப் புத்தகமும் இருந்தது. பெண்கள் டின்களோடு நின்றார்கள். நான் நேரே முன்னால் போனேன். ஒருத்தியும் முணுமுணுக்காமல் வழிவிட்டார்கள். வாளி நிறையும்வரை நின்றபடியே படித்தேன். சட்டம் என்பது மேலே இருப்பவர் இடும் கட்டளை, மக்கள் வழக்கமாகக் கீழ்ப்படிவதே அதற்குச் சான்று என்று நீலப் புத்தகம் சொல்கிறது. என் கண்ணெதிரிலேயே சான்று! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சின்னத்தாய் புத்தகத்தை எட்டிப் பார்த்து, அது என்ன என்று கேட்டாள். முப்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று இருப்பாள், எழுத்து தெரியாது. யார் ஆளுகிறார்கள், நாம் ஏன் கீழ்ப்படிகிறோம் என்று சொல்லும் புத்தகம் என்றேன். “அதுக்கு இம்மாந் தண்டியா!” என்று அவள் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். இப்போது நீங்கள் வழிவிட்டீர்களே, அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று விளக்கினேன். அதற்கு அவள், “நோட்டீசுக்கா வழி விட்டோம்? நீ வாளி தூக்கியாந்த லெச்சணத்தப் பாத்து, ஐயோ பாவம் புள்ளன்னு விட்டோம் பாப்பா. இத அந்தப் புஸ்தகத்துல எழுதிருக்கானா பாரு” என்றாள். பார்த்தேன் அண்ணா. எழுதவில்லை. பாதித் தண்ணீரைச் சிந்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் மூன்று மணிக்குப் போனபோது குழாயடியில் ஒரு டின்கூட இல்லை. குழாய் தானாக ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் அனைவரும் அரை மைல் நடந்து, சேற்றில் இறங்கி, முதலை கிடக்கும் ஆற்றில் மொண்டு வந்தார்கள். காளியண்ணன் ஒன்றும் புரியாமல் கத்தினார். “எல்லாரும் எங்க போய்த் தொலஞ்சீங்க? தண்ணி சும்மா ஓடுது!” என்றார். சின்னத்தாய் தலையில் டின்னோடு நின்று, வெகு மரியாதையாக, “மொதல்ல கிராணி வூடுன்னு நீங்கதானே மண்டோரே சொன்னீங்க? அவுங்க புடிச்சு முடிக்கட்டும். நாங்க குறுக்க நிக்கல” என்றாள். இதில் எதற்காக அவர் ஒருத்தியைத் தண்டிக்க முடியும்? யாரும் மறுக்கவில்லை, யாரும் மீறவில்லை. ஆற்றில் பயமில்லையா என்று நான் கேட்டதற்கு, “மொதலைக்கு நோட்டீசு படிக்கத் தெரியாது பாப்பா, அது ஆளு பாத்துக் கடிக்காது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படியே மூன்று நாள். குழாய் முழுக்க எங்களுக்கே. அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இரவில் பழுப்புப் புத்தகத்தின் கேள்வி மறுபடி ஞாபகம் வந்தது. நான் யாருக்குக் கீழ்ப்படிந்தேன், ஏன்? பதில் எழுத எடுத்த தாளை மூடிவிட்டு, வாளியைக் கழுவி வாசலில் வைத்தேன்.

நான்காம் நாள் விடிந்ததும் பெரட்டுக்கு முன் நம் வாளியைக் கொண்டுபோய், காலியாகக் கிடந்த குழாயடியில் வரிசை தொடங்கும் கல்லருகே வைத்தேன். ஒரே ஒரு வாளி. பார்க்கவே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. சின்னத்தாய் அந்த வழியாகப் போனவள் நின்றாள். “ஒத்த வாளி வரிசையா?” என்று சிரித்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். திரும்பி வீட்டுக்குப் போய்ச் சுண்ணாம்புக் கோடு போட்ட டின்னை எடுத்துவந்து, என் வாளிக்குப் பின்னால் வைத்தாள். முன்னால் வைக்கவில்லை அண்ணா, பின்னால். பிறகு கலாவதி. பிறகு எல்லாரும். அன்று நான்தான் முதலில் பிடித்தேன், ஆனால் வந்த வரிசைப்படி. அடுத்த நாள் எழுந்திருக்கத் தாமதமாகி, பதினோராவது ஆனேன். சைக்கிளில் வந்த ஐயா, பதினோராவதாக நின்ற நம் வீட்டு வாளியைக் கண்டு இறங்கினார். முன்னாலிருந்த டின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடி ஏறிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துப் பலகையில் அந்த நோட்டீஸ் இல்லை. கிழித்தது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

ஆகவே என் பதில்: பழுப்புப் புத்தகத்தை வையுங்கள். நீலம் தப்பு என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. இரண்டாம் வருஷத்துக்கு அது ஆகலாம். ஆனால் புதிதாகப் படிக்க வருபவர்கள், நான் ஒரு நாள் நம்பியதுபோல், வழிவிட்டு நிற்பவர்களைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டதாக நம்பிவிடுவார்கள். பழுப்பு அப்படி நம்ப விடுவதில்லை. உன்னையும் கேட்டுக்கொள், அவர்களிடமும் போய்க் கேள் என்கிறது. அதில் எட்டுப் புள்ளிகள்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு குறை சொல்லவேண்டும். ராஜா, பாராளுமன்றம், வாக்குப் போடும் குடிமக்கள் என்று எல்லா உதாரணமும் வெள்ளைக்காரர் தேசத்திலிருந்தே வருகின்றன. சுல்தானும் வெள்ளைக்கார ரெசிடெண்டும் தோட்டத்துத் துரையும் ஒரே சமயத்தில் மேலே இருக்க, யாரும் ஒரு வார்த்தை கேட்காத சின்னத்தாய்க்கு அதில் ஒரு பக்கமும் இல்லை. அந்தப் பக்கத்தை வகுப்பில் நீங்களே சொல்லவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியை நான் இவ்வளவு மெச்சுவேன் என்று இந்த விடுமுறைக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

இதுவரை நேற்று எழுதி, ஐயாவின் மேசையில் வைத்தேன். இன்று சாயங்காலம் ஐயா கூப்பிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா பக்கத்தில் நின்று, “தேப்பனைப் பற்றியும் எழுதி வைச்சிருக்கிறாளே, கிழிச்சுப்போட்டு வேறை எழுதச் சொல்லுங்கோ” என்றார். ஐயா, “எழுதினது எழுதினபடி இருக்கட்டும். கிழமை மாத்திரம் பிழை” என்றார். மேலே திங்கட்கிழமையை அடித்து, ஞாயிறு மாலை என்று சிவப்பு மையில் திருத்தியிருப்பது ஐயாவின் கை. வேறு எந்த எழுத்தையும் தொடவில்லை. ஐயாவை நான் இதுவரை குறைவாகத்தான் மதித்திருக்கிறேன் என்று தோன்றியது.

வேலம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மேற்கே மேகம் கூடுகிறது. உங்களுக்குச் சாப்பாட்டில் காரம் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். மோர் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்லச் சொன்னார். பச்சையும் நீலமும் கட்டித் தயாராக இருக்கின்றன. பழுப்பை மட்டும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள அனுமதி தாருங்கள்.

என் பள்ளிக்கூடத் தகரப் பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. இறக்கித் தரும்படி நான் யாரிடமும் கேட்கவில்லை. பள்ளிக்கூட வரிசையிலும் என் டின்னை வைத்துவிட்டேன் அண்ணா. நான் வரும்வரை அதை யாரும் நகர்த்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பு நல்ல பெயர் எடுக்க, முருகன் துணையிருப்பான்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
வாகீஸ்வரி பொன்னம்பலம்

பின்குறிப்பு: பழுப்புப் புத்தகத்தின் இரண்டாம் கேள்விக்குப் பதில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மணி ஒன்பது. மின்சாரம் தரும் ஸ்டோர் இஞ்சினை நிறுத்திவிட்டு விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டார்கள்; மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன்.