வழிக்குக் கட்டிய தீனி

எடின்பரோ
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

தேவிப்ரியா எழுதுகிறேன். அம்மாவுக்கு முதுகுப் புண் ஆறிவிட்டதா? போனில் பேசினால் அம்மா பக்கத்தில் படுத்தபடி கேட்டு அழுகிறது என்றீர்களே, அதனால்தான் உங்களைப் போலவே தாளில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

மே மாதக் கடைசியில் எங்கள் ஆபீஸ்காரர்களோடு இங்குள்ள மலைகளில் ஒரு வாரத்துக்கு மேல் நடக்கப்போகிறேன். எங்கள் நடைக்காகத் தெரிந்தவர்கள் தரும் நன்கொடை ஒரு சங்கத்துக்குப் போகும். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஓய்வு தருகிற சங்கம். சங்கத்து ஆள் வந்து பெரியவரைப் பார்த்துக்கொள்வார்; இவர்கள் எங்காவது போய் நிம்மதியாகத் தூங்கி எழுந்து வரலாம்.

வழியில் கடை கிடையாது. பொரிவிளங்காய் உருண்டையும் எள்ளடையும் நீங்கள்தான் செய்து அனுப்ப வேண்டும், கூட வருகிறவர்களுக்கும் சேர்த்து. உங்கள் கைப்பக்குவம் யாருக்கு வரும்? இந்த நடைக்கே லீவெல்லாம் போய்விடுவதால் இந்த வருடம் ஊருக்கு வர முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்
தேவி


எலவனாசூர்கோட்டை
9 ஏப்ரல் 2025

அன்புள்ள தேவிக்கு,

அண்ணி கோகிலவாணி எழுதிக்கொள்வது. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஓய்வு தர ஒரு சங்கமா? அப்படியும் ஒரு சீமை இருக்கிறதா? படித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை கூப்பிட்டது. திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

அத்தைக்குப் புண் ஆறிவிட்டது. என்னைத்தான் கேட்காதே. குனிந்தால் இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மா, பத்து நாளாவது படுத்திருக்க வேண்டும், ஆளைத் தூக்கவே கூடாது என்று சொல்லியனுப்பினார். உன் அண்ணனிடம் சொன்னேன். "இன்னா பண்றது, எல்லார் வூட்லயும் இருக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பெற்ற தாய்க்கு அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

தீனி செய்கிறேன் தேவி, மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த நடையை விட்டுவிட்டு, அதே லீவில் இங்கே வந்து உன் அம்மாவோடு இரேன். வெள்ளிமலையில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள் பாரதி, வந்து படுத்துக்கொள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். வெட்கத்தை விட்டுத்தான் கேட்கிறேன். எனக்கு ரொம்ப அசதியாக இருக்கிறது.

அண்ணி
கோகிலா


எடின்பரோ
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் பெயர் கொடுத்தாகிவிட்டது, எல்லாரும் நன்கொடையும் தந்துவிட்டார்கள். இப்போது பின்வாங்கினால் அசிங்கம். அண்ணனிடம் நான் பேசுகிறேன். பொங்கல் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எப்படியாவது வரப் பார்க்கிறேன். அம்மாவை உங்களைப் போல வேறு யாரால் பார்த்துக்கொள்ள முடியும்?

பார்சல் மே பத்து வாக்கில் கிளம்பினால் போதும். எள்ளடையில் காரம் கம்மியாக இருக்கட்டும், இவர்களுக்குத் தாங்காது.

தேவி


வெள்ளிமலை
11 மே 2025

அன்புள்ள தேவிக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும்.

தீனியெல்லாம் செய்தேன். பயறு வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, பாகு காய்ச்சிச் சூடு ஆறுவதற்குள் உருட்டி, உள்ளங்கை சிவந்துபோனது. நடுநடுவே அத்தை கூப்பிடும். கை கழுவிவிட்டு ஓடுவேன். நேற்று இரண்டு டின்னில் அடைத்து, பார்சல் போடக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே வெள்ளிமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சநேரம் அதையே பார்த்தேன். பிறகு டின்களோடு ஏறிவிட்டேன்.

பஸ்ஸிலிருந்தே உன் அண்ணனைக் கூப்பிட்டு, மாத்திரை எங்கே, கஞ்சி மாவு எங்கே என்று எல்லாம் சொன்னேன். பத்து நாள் கழித்து வருகிறேன் என்றேன். அம்மாவை யார் பார்ப்பது என்று கத்தினார். "அவங்க பெத்த புள்ள பாக்கட்டும்" என்று சொல்லி போனை அணைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியநாயகியக்காவிடம் அடிக்கடி எட்டிப்பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அத்தைக்கு உன் அண்ணன் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாரோ என்னவோ.

பாரதி பாய் போட்டுக் கொடுத்தாள். விழுந்தவள்தான், இன்று மதியம்தான் எழுந்தேன். எழுந்ததும் பசித்தது. டின்னைத் திறந்தேன். உனக்குக் கட்டிய தீனியை நானே தின்றுகொண்டிருக்கிறேன் தேவி. பார்சல் வராது.

நான் இருக்கும் இடம் உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பார். உன்னைக் கேட்பார். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். இதைப் பாரதி போனிலிருந்துதான் அனுப்புகிறேன்.

கோகிலா


எடின்பரோ
13 மே 2025

அண்ணி,

அண்ணன் கூப்பிட்டது. நீங்கள் எங்கே என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

போனை வைக்கப் போனேன். அண்ணன் அழுகிற குரலில், "அம்மாவ எப்டி திருப்பிப் படுக்க வெக்கறது, அதுனா சொல்லு" என்றது. நானும் அந்த வயிற்றில் பிறந்தவள்தானே அண்ணி, எனக்கும் தெரியவில்லை.

நடைக்கு வரவில்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை ஊரில் அம்மாவோடு இருப்பேன். எப்படித் திருப்புவது என்பதை மட்டும் எழுதி அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.

தேவி