செவ்வாய்க்கிழமை சொன்ன அளவு

அன்பு மகளுக்கு, அப்பா வாயால் சொல்ல, பக்கத்துக் கட்டில்காரரின் மருமகள் கையால் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். மாப்பிள்ளை சுகமாக இல்லை. உட்கார்ந்துகொண்டு படி. போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுவாய், நானும் போனை வைத்துவிடுவேன். அதனால்தான் எழுத்தில். எழுதி முடித்ததும் இந்தப் பெண் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

வயிற்றுப் புண், சின்ன ஆபரேஷன் என்று உன்னிடம் சொன்னோமே, அது புண் இல்லையம்மா, புற்றுநோய். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். முதல் நாளே மாப்பிள்ளை என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். உனக்கு நர்ஸ் படிப்பின் கடைசிப் பரீட்சை, விட்டால் இன்னொரு வருஷம், அவகிட்ட மூச்சு விடாதீங்க மாமா என்றார். நானும் தலையாட்டினேன். இப்போது உடைக்கிறேன். பாவம் என்னோடு போகட்டும்.

ஆபரேஷன் நடந்து இன்றோடு பன்னிரண்டு நாள். கட்டி முழுதும் வந்துவிட்டது என்று அன்றைக்கு டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் கேன்டீனில் வயிறாரச் சாப்பிட்டேன்.

போன சனிக்கிழமை சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். இனி கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடியில் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்று கூட இருப்பவர் பார்த்து வந்து சொல்ல வேண்டும் என்று நர்ஸம்மா என்னிடம் ஒப்படைத்தார். எனக்குத்தான் எண் படிக்கத் தெரியாதே. மாப்பிள்ளைக்கோ கூச்சம். மாமனார் வந்து ஜாடியைக் கழுவுறதா, நீங்க அந்தப் பக்கம் போங்க மாமா, நானே பார்த்துச் சொல்றேன் என்பார். நானும் கதவுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். அவர் சொல்லும் அளவை அப்படியே கொண்டுபோய் நர்ஸம்மாவிடம் சொல்வேன். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு முறை. முந்நூறு, இருநூற்றைம்பது, நூற்றெண்பது, நானூறு. திங்கட்கிழமை வாந்தி, பேதி. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. அன்றைக்கும் ஏதோ அளவு சொன்னார், நானும் ஒப்பித்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் முந்நூறு என்றார். அடுத்து இருநூற்றைம்பது. மத்தியானம் நூற்றெண்பது. நானூறு என்று மட்டும் வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டே நின்றேன். சாயங்காலம் நானூறு என்றார்.

தெருத்தெருவாகக் குழாயில் தண்ணீர் திறந்துவிட்டே முப்பத்தொரு வருஷம் ஓட்டியவன் நான். ஒரே அளவு, அதே வரிசையில், இரண்டு நாள் வந்து நான் பார்த்ததில்லை. கூச்சத்தைத் தூரப் போட்டுவிட்டு உள்ளே போய் ஜாடியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு விரல் உயரம்கூட இல்லை. கொஞ்சநஞ்சம் இருந்ததும் டிகாக்‌ஷன் நிறம்.

இது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு மாப்பிள்ளை என்றேன். உங்ககிட்ட பொய் சொல்லணும்னா நோட்டுல எழுதி வச்சுக்கிட்டுத்தான் சொல்லணும் மாமா என்று சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அளவு குறைஞ்சா வீட்டுக்கு விடமாட்டாங்க, நாள் இழுத்தா அவளுக்குத் தெரிஞ்சுடும் என்றார். நான் ஜாடியோடு நர்ஸம்மாவிடம் ஓடினேன்.

ஆபரேஷன் நடக்கும்போதே ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கி, கிட்னிக்கு ரத்தம் போதாமல் போயிருந்ததாம். அது தேறுவதற்குள் வாந்தியும் பேதியும் உடம்பு நீரை உறிஞ்சிவிட்டன. திங்கட்கிழமையே தெரிந்திருந்தால் வெறும் குளுக்கோஸ் பாட்டிலிலேயே சரியாகியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பொய்யை வாய் வலிக்காமல் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தவன் நான்தானே.

மூன்று நாளாக மருந்து ஏற்றிப் பார்த்துவிட்டார்கள். கால் வீங்கிவிட்டது, பேச்சு குழறுகிறது. டயாலிசிஸ் மெஷினில் போட வேண்டும், இன்றைக்கே போட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் உப்பு ஏறி இதயம் நின்றுவிடும் என்கிறார்கள். சில தடவை போட்டால் கிட்னி தானே விழித்துக்கொள்ளவும் கூடுமாம். ஆனால் மாப்பிள்ளை கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். மெஷினில் ஏறினால் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாயாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருக்கிறார். நினைவு தெளிவாக இருக்கும்வரை அவர்தான் சம்மதிக்க வேண்டும், என் கைரேகை செல்லாது என்றுவிட்டார்கள். கெஞ்சினேன், அதட்டினேன், காலைக்கூடத் தொட்டேன். அப்போதும் என்ன மாமா இது என்று காலை இழுத்துக்கொண்டாரே தவிர, பேனாவைத் தொடவில்லை.

நீ படித்த பிள்ளை, இதெல்லாம் எனக்குத் தெரிந்ததைவிட உனக்குத் தெரியும். நாலு மணிக்கு என்னை மறுபடி உள்ளே விடுவார்கள். போனை அவர் காதில் வைக்கிறேன். பொய் சொன்னதற்குத் திட்டாதே. திட்டு பாக்கி இருந்தால் என் பேரில் வைத்துக்கொள். பரீட்சை முடித்துவிட்டு வருகிறேன் என்பாயோ, இதோ கிளம்பிவிட்டேன் என்பாயோ, அது உன் இஷ்டம். கையெழுத்துப் போடச் சொல், அது போதும். அழுகை வந்தால் அடக்காதே. அவர் கேட்கட்டும். ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு, தலை நரைத்து, பல் விழும்வரை நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

நாலு மணிக்கு வார்டு வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்,
உன் அப்பா.