மாடியில் தண்ணீர்த் தொட்டி

என்னங்க,

நேரில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதி உங்கள் சட்டைப் பையில் வைக்கிறேன்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் உங்கள் குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஏறியது உங்களுக்கே தெரியவில்லை. பின்னால் வந்த நான்தான் ரத்தத்தைப் பார்த்தேன்.

கால் நரம்பு பழுதாகியிருக்கிறது என்றார் டாக்டர். சர்க்கரைதான் என்று நானே முடிவுகட்டி, உங்கள் காபியில் இனிப்பை நிறுத்தினேன், சோற்றைக் குறைத்தேன். பரிசோதனையில் சர்க்கரை சரியாக இருந்தது. தைராய்டும் சரி, வைட்டமினும் சரி.

"குடிப்பழக்கம் உண்டா?" என்று அவர் கேட்டபோது நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "அவரு அந்தப் பக்கமே போகமாட்டாருங்க" என்று நான் முந்திக்கொண்டேன்.

தினமும் பொழுது சாய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போகிறீர்கள். தொட்டி நிரம்பி வழிகிற நாளிலும் போகிறீர்கள். இறங்கி வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறீர்கள். நான் ஒருநாளும் மேலே ஏறி வந்ததில்லை.

காரணம் தெரிந்தால்தான் நரம்பு மேற்கொண்டு கெடாமல் தடுக்க முடியுமாம். நாளைக்கு டாக்டர் மறுபடியும் கேட்பார். நான் உள்ளே வரமாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கப்போகிறவள்