பத்தொன்பதாம் வரியில் ஒரு திருத்தம்

கர்த்தருக்குள் பிரியமான என் மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், சுகம் என்றால் உடம்பைத்தான் சொல்கிறேன், மற்றதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் உங்கள் மூன்று பேரையும் அவர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் மற்ற ஜெபத்துக்கே போகிறேன். குட்டியின் காதுவலி விட்டதா? சொட்டு மருந்தை வலி நின்றதும் நிறுத்திவிடாதே, ஏழு நாள் என்றால் ஏழு நாள், உனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் பாதியில் விடுகிற புத்தி. இங்கே அப்பா காதில் வைக்கிற மிஷினைச் சட்டைப் பையோடு துவைக்கப் போட்டுவிட்டார், இது இரண்டாவது. அது இல்லாமல் இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறதாம், யார் குரலைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா.

வாராவாரம் போனில் பேசுகிறவள் இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நடுவில் அழுதுவிடுவேன் கண்ணு, நீ சரி விடும்மா விடும்மா என்பாய், நானும் விட்டுவிடுவேன், அப்படி விட்டு விட்டுத்தான் பதினாறு வருடம் போயிருக்கிறது. உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். அது உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி சுருட்டையைப் பற்றியது. சொன்னபிறகு நீ என்னோடு பேசுவாயோ மாட்டாயோ, அவளை நீ எந்த முகத்தோடு பார்ப்பாயோ, எனக்குத் தெரியவில்லை. ஆனால் இனியும் சொல்லாமல் இருந்தால் நான் செய்கிற ஜெபமெல்லாம் வெறும் சத்தம்தான். குட்டி தூங்குகிற நேரமாகப் பார்த்து, உட்கார்ந்து, முழுதும் படி.

நம் சபையில் தேசத்துக்காக மனந்திரும்பும் ஜெபம் என்று மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் வைத்ததை உனக்குச் சொன்னேன் அல்லவா, அதில் நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை. தேசத்தின் பாவங்களைக் கமிட்டி உட்கார்ந்து துண்டுத் தாள்களில் எழுதிக் காணிக்கைப் பையில் போட்டிருந்தார்கள், ஆளுக்கு ஒன்றை எடுத்து அந்தப் பாவத்துக்காக ஜனங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஏற்பாடு. சபைப் பொருளாளருக்கு வந்த தாளில் குடி என்று இருந்தது. அவர் தாளை மடித்து, இது வேண்டாம் பாஸ்டர், பாக்கிறவங்க வேற மாதிரி நினைப்பாங்க என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். விபசாரம் மூன்று பேர் கைக்குப் போய் மூன்று தடவையும் பைக்கே திரும்பி வந்தது, கடைசியில் பாஸ்டரே முகம் சிவக்க அதை எடுத்துக்கொண்டார். அப்பாவுக்குப் பெருமை வந்தது. அவர் எழுந்து, ஆண்டவரே எங்களுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி, மன்னிச்சுக்குங்க, ஆமென் என்று உட்கார்ந்துவிட்டார், அதைவிடச் சுருக்கமாக ஒரு தேசம் மனந்திரும்பியிருக்காது. எனக்கு வந்த தாளில் குற்றமில்லாத இரத்தம் என்று எழுதியிருந்தது.

நானும் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயத்தில் எழுந்து நின்றேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு வாய்க்குக் குறைச்சல் இல்லை. எரித்தவர்களுக்காகக் கேட்டேன், காட்டிக்கொடுத்தவர்களுக்காகக் கேட்டேன், ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களுக்காகக் கேட்டேன், எங்கள் தெருக்களில் எங்கள் கண்ணெதிரே வேறு பாஷை பேசினார்கள் என்பதற்காக இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்களை நினைத்து அழுதேன், சபையே சேர்ந்து அழுதது. பின் பெஞ்சில் இருந்தவர்கள் முழங்கால் போட்டார்கள். அவ்வளவு பெரிய ஜெபத்தில் என்னைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

பாட்டுக் குழுவில் ஒருத்தி அதைப் போனில் பதிந்து நாலு பேருக்கு அனுப்ப, அது உன் வரைக்கும் வந்துவிட்டது. நீ உடனே கூப்பிட்டு, அம்மா, உன்னை நினைச்சா பெருமையா இருக்கு என்று தேம்பினாய். நான் சரி சரி, வை என்றேன். அதோடு போயிருந்தால் நான் அதையும் விழுங்கியிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் நீ அதைச் சுருட்டைக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாய். மறுநாள் அவள் எனக்குக் குரலைப் பதிந்து அனுப்பினாள். அம்மா, அந்த ஊர்ல இருந்து யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து இதைச் சொல்லமாட்டாங்களான்னு பதினாறு வருஷமா காத்துட்டிருந்தேன், நீங்க சொல்லிட்டீங்க, எங்கப்பாவுக்குக் கேட்டிருக்கும்மா என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா பாத்திரத்தைத் திறந்து பார்த்து, உபவாசம்தான் முடிஞ்சிருச்சே என்று கேட்டார்.

கேள். கலவரம் தொடங்கி மூன்றாம் நாள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, ஆபீஸ் மட்டும் திறந்திருந்தது, நானும் தலைமையாசிரியையும்தான். வெளியே பெஞ்சில் ஓர் அதிகாரி தொப்பியை முழங்காலில் கவிழ்த்துவைத்து உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை என் மேஜைக்கு வந்து, அந்தப் பாஷை பேசறவங்க பிள்ளைங்க பேரும் வீட்டு விலாசமும் மட்டும் போதும், மூணு மணிக்குள்ள வேணுமாம், பாதுகாப்புக்காம் என்றார். அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை, அவர் தலையில் தூக்கிப்போட நான் இதை எழுதவில்லை. பாதுகாப்புக்கு என்றதை நம்பினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பாதி நம்பினேன். மீதிப் பாதியை யோசிக்க நேரமில்லை, மூன்று மணிக்குள் முடிக்கவேண்டியிருந்தது. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவைத்து, கார்பன் வைத்து, முப்பத்தொரு பிள்ளைகளின் பெயரையும் விலாசத்தையும் டைப் அடித்தேன். ஒரு பிழை இல்லை.

அடித்து முடித்துச் சரிபார்த்தேன். பத்தொன்பதாம் வரியில் கண் நின்றது. உன் சுருட்டையின் பெயர். பதிவேட்டில் இருந்தது அவர்களுடைய பழைய வீடு. இரண்டு மாதம் முன்னால்தான் அவள் அப்பா கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற கடைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று மூன்றாம் சந்துக்கு வீடு மாறியிருந்தார், நினைவிருக்கிறதா, நீல கேட், உள்ளே தள்ளினால் கீச்சென்று கத்தும். சனிக்கிழமை ஆனால் நீ அங்கேதான் கிடப்பாய், இருட்டுவதற்குள் நான் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருவேன், அவள் அம்மா என்னை உட்காரவைக்காமல் அனுப்பியதில்லை. அதனால் புது விலாசம் எனக்குத் தெரியும். ஆபீசில் வேறு ஒருவருக்கும் தெரியாது. எவரும் என்னைக் கேட்கவும் இல்லை. நான் சிவப்புப் பேனாவை எடுத்து, பழைய விலாசத்தைக் கோடு போட்டு அடித்து, மேலே புதியதை எழுதினேன். திருத்தம் செய்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும், அதையும் இட்டேன். பிறகு ஆபீஸ் பிரதியிலும் அதேபோலத் திருத்தி அதிலும் சுருக்கொப்பம் இட்டேன். அவர்கள்மேல் எனக்குத் துளிக் கோபம் கிடையாது கண்ணு. தப்பான விலாசம் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடம் அந்த ஆபீசில் என் பேப்பர் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்தது கிடையாது, அந்தக் கர்வம்.

மறுநாள் சாயங்காலம் நீல கேட் வீட்டுக்குப் போனார்கள். அவள் அப்பாவையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனதும், அவர்கள் திரும்பி வராததும், வீட்டைக் கொளுத்தியதும், அவளும் அவள் அம்மாவும் பின்பக்கச் சுவர் ஏறித் தப்பியதும் உனக்குத் தெரியும். நீ இரண்டு நாள் சாப்பிடாமல் சுருண்டு படுத்திருந்தாய், நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டேன், அதே கையால். இரண்டு மாதம் கழித்து மாற்றுச் சான்றிதழ் கேட்டு எங்கெங்கோ இருந்து மூன்று வீட்டார் எழுதியிருந்தார்கள். பதிவேட்டைப் பார்த்தேன், மூன்று பேரும் வீடு மாறியவர்கள், பள்ளிக்கூடத்துக்குச் சொல்லாதவர்கள். வந்தவர்கள் பழைய வாசலில் போய் நின்று, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். நான்காவதாக அவர்களும் இருந்திருப்பார்கள். அன்றைக்கு நான் வேலையைக் கொஞ்சம் அலட்சியமாகச் செய்திருந்தால் போதும்.

நீ சொன்னாயே, எங்க புது வீடு யாருக்கும் தெரியாது, எப்படி நேரா வந்தாங்கன்னு இன்னும் புரியலைன்னு சுருட்டை அடிக்கடி கேப்பாம்மா என்று. நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. கர்த்தருக்குத்தான் வெளிச்சம் என்றேன். ஆண்டவர் பெயரை வைத்தே பொய் சொன்னேன். முந்தின நாள் அந்த வீட்டுக்கு வந்துபோன அவள் தாய்மாமன்தான் பயந்துபோய் வாயை விட்டிருக்கவேண்டும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள், அவள் அம்மா கூடப்பிறந்தவனின் முகத்தில் விழிக்காமலே கண்ணை மூடினாள். போன மாதம்கூட நீ சொன்னாய், அந்த மனுஷர் முதியோர் இல்லத்திலிருந்து எழுதின கடிதத்தை இவள் பிரிக்காமலே கிழித்துப் போட்டாள் என்று. ஐயோ, நான் அதைக் கேட்டுக்கொண்டு, குட்டிக்கு ஸ்வெட்டர் சரியாக இருக்கிறதா என்று பேச்சை மாற்றினேன். உன் பிரசவத்துக்கு எனக்கு விசா கிடைக்காமல் போனபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள், நான் நிற்கவேண்டிய இடத்தில். 

பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். எல்லா சபைகளும் சேர்ந்து நடத்துகிற பெரிய கூட்டத்தில், மேடையில், அந்த ஜெபத்தையே மறுபடி ஏறெடுக்கச் சொல்லியிருந்தார், அதற்கு மாட்டேன் என்றுதான் போனேன், காரணம் கேட்டார், கொட்டிவிட்டேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஆண்டவர் எப்பவோ மன்னிச்சிருப்பார்ம்மா, இப்ப கிளறினா சபைக்கும் பேர் கெட்டுப்போகும், அந்தப் பிள்ளைக்கும் புதுசா ஒரு நோவு, எதுக்கு என்றார். நல்ல மனுஷர்தான். நான் சொன்னேன், பாஸ்டர், ஆண்டவர்கிட்ட நான் கேட்டாச்சு, அந்தப் பிள்ளைகிட்ட இன்னும் கேக்கலையே, தேசம் தேசம்னு மூணு வாரம் அழுதோமே, தேசத்துக்கு நீல கேட் வீட்டு விலாசம் எப்படித் தெரியும், நான் எழுதிக் குடுத்ததுதானே என்று. அவர் எனக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அப்பாவுக்கும் அன்றுதான் தெரியும். மிஷின் இல்லாததால் கத்திக் கத்திச் சொல்லவேண்டியதாயிற்று, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும், கேட்கட்டும். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் அல்லவா, ஆளை இடிச்சுட்டு வண்டியை நிறுத்தாம போறவனை என்ன சொல்வாங்கன்னு உனக்குத் தெரியும்ல என்றார். நேற்றுக் காலையில் அவரே போய் வெளிநாட்டுக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்டவேண்டும் என்று விசாரித்துக்கொண்டு, பெரிய கவரும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார்.

இத்துடன் இரண்டு இருக்கின்றன. ஒன்று சுருட்டைக்கு நான் எழுதிய கடிதம், ஒட்டவில்லை, நீ படித்துவிட்டே கொடு. மன்னித்துவிடு என்று அதில் நான் கேட்கவில்லை, அதைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது, நடந்ததை மட்டும் எழுதி, உன் மாமா ஒன்றும் சொல்லவில்லை என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். மற்றது அந்த ஆபீஸ் பிரதி. ஓய்வு பெற்றபோது என் பேப்பர்களோடு எடுத்து வந்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். கிழித்துப் போட எத்தனையோ தடவை எடுத்தேன், ஆபீஸ் பேப்பரைக் கிழித்துப் பழக்கமில்லை. பத்தொன்பதாம் வரியைப் பார். உன் நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிய அதே கையெழுத்து, உனக்கு அடையாளம் தெரியும். அவளுக்கு அதைத் தபாலில் அனுப்பாதே, மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடாதே, நீயே போய்க் கையில் கொடு, அவள் கதவைச் சாத்தினாலும் வாசலில் கொஞ்ச நேரம் இரு. சீக்கிரம் கொடு, அந்த மாமாவுக்கு வயது எண்பதுக்கு மேல்.

உன்னையும் மாப்பிள்ளையையும் குட்டியையும் ஆண்டவர் தம் கண்ணெதிரே வைத்துக் காப்பாற்றட்டும். அவளையும் ஆசீர்வதிக்க வாய் வரைக்கும் வருகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது, என் பங்குக்கும் நீயே ஜெபி. காது மருந்தை மறக்காதே. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு எப்போதும்போல் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், நீ கூப்பிடவேண்டும் என்று இல்லை, நான் உட்கார்ந்திருப்பேன். அன்புள்ள அம்மா என்று எழுதப்போய்க் கையை எடுத்துவிட்டேன், அந்தப் பெயரை இனி நீயாகக் கொடுத்தால்தான் எனக்கு உண்டு.

இப்படிக்கு,
பத்தொன்பதாம் வரியில் கையெழுத்திட்டவள்