ஐந்து மேசையிலும் நான்

ஜூன் 4
தையல் அறையில் புதிதாக வந்து நிற்கும் கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களைச் சுற்றியும் தரையில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. காலையில் கூட்டும்போதுதான் பார்த்தேன். எதற்கு? அண்ணியிடம் கேட்கவில்லை. கேட்டால் உனக்கெதுக்கு என்பாள்.
இந்த அறையில் மெஷின் ஐந்து. தைப்பது நான் ஒருத்திதான். மற்ற நாலு பேரையும் அண்ணி போன மாதமே நிறுத்திவிட்டாள்.

ஜூன் 5
வீடியோக்காரர் வந்தார். ஜன்னல்களைப் போர்வையால் மூடினார். வெளிச்சம் மாறினால் காட்டிக்கொடுத்துவிடுமாம். கேமராவை யாரும் தொடவே கூடாதாம்; நகராமல் இருக்கத்தான் அந்த டேப்பாம். முதல் மெஷினில் பத்து நிமிடம் தைத்தேன். இரண்டாவதில் மஞ்சள் துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு. நிறுத்தப்பட்ட நாலு பேரில் மூத்தவரான பெரியக்கா, வேலை போன அன்று மறந்து விட்டுப் போனது அது. மூன்றாவதில் முகக்கவசம், நாலாவதில் அண்ணியின் மூக்குக்கண்ணாடி, ஐந்தாவதில் முதுகைக் காட்டி.
"அஞ்சையும் ஒரே படமா ஒட்டறப்ப, கை பக்கத்து மேசைக்குப் போனா பாதியில வெட்டுப்பட்டுடும்மா" என்றார் வீடியோக்காரர்.
எல்லாம் சும்மா வேடிக்கைக்கு என்கிறாள் அண்ணி. இவள் என்றைக்கு வேடிக்கை பார்த்தாள்? எனக்கு டீ வேறு போட்டுக் கொடுத்தாள்.

ஜூன் 6
டேப்பை இன்னும் எடுக்கவில்லை.

ஜூன் 8
அண்ணி போனில் காட்டினாள். ஒரே அறையில் ஐந்து நான். ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. நாலாவது மேசைக்காரி லேசாகச் சிரிக்கிறாள். நான் எப்போது சிரித்தேன்?
அண்ணனிடம் காட்டட்டுமா என்றேன். வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். வேடிக்கைதானே, பிறகென்ன மறைப்பு?

ஜூன் 10
தெரிந்துவிட்டது. துணி வெட்டிக்கொண்டிருந்தேன், அண்ணி வீடியோக்காரரோடு போனில் பேசியது காதில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குத் துணி வாங்கும் மேடத்துக்கு அந்த வீடியோ போயிருக்கிறது. ஐந்து தையல்காரிகள் இருந்தால்தான் ஆர்டர். எண்ணூறு தலையணை உறை, மூன்று வாரத்தில்.
"அவளா? அது வாயில்லாப்பூச்சி. யார்கிட்டயும் மூச்சு விடாது" என்றாள் என்னைப் பற்றி.
எண்ணூறையும் யாரு தைக்கிறது? அஞ்சாவது மேசையில முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்காளே, அவளா வருவா?
பதினைந்தாம் தேதி எனக்கு மாலை வகுப்பு ஆரம்பம். ஒன்பதாவதோடு நின்ற படிப்பு. அஞ்சு மணிக்கு அனுப்பிடறேன்னு அண்ணன் முன்னாடி சொன்னாளே — அதனாலதான் அண்ணன்கிட்ட காட்ட விடலையா?

ஜூன் 11
அண்ணியிடம் கேட்டேன். இல்லை, கேட்கப் போனேன். வகுப்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளாகவே சொன்னாள்.

ஜூன் 12
மேடம் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து நின்றார். மற்றவர்கள் எங்கே என்றார். சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்றாள் அண்ணி. அப்போது மணி பத்தரை.
மேடம் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. ரெண்டாவது மெஷின்ல மஞ்சள் துப்பட்டா போட்டு ஒருத்தங்க தைச்சாங்களே, நல்ல கை. அவங்க எங்க?"
அண்ணி என்னையே பார்த்தாள்.
எழுந்தேன். ஆணியில் தொங்கிய மஞ்சள் துப்பட்டாவை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டு இரண்டாவது மெஷினில் போய் உட்கார்ந்தேன்.