தொட்டியோரம் கிடந்த பன்னாடை

தூத்துக்குடி,
ஈஸ்டர் கழிந்த வியாழன்.

அன்பு மகள் ரேச்சலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் கைகால் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் தொண்டை கட்டாமல் டியூட்டிக்குப் போய்வர வேண்டும் என்று காலை ஜெபத்தில் முதலில் உன் பேரைத்தான் சொல்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் என்றால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்வார். உன் சித்தப்பா மகன் பெனிஸ்டன் ஞாயிற்றுக்கிழமை டப்ளினுக்கு விமானம் ஏறுகிறான், மக்ரூன் டப்பாவோடு இதையும் கொடுத்து விடுகிறேன். டப்பாவை அவன் முன்னாலேயே திறந்து பார், வழியில் கை வைக்காமல் இருக்கிற பயல் இல்லை அவன்.

விஷயத்துக்கு வருகிறேன். மீனைக் காட்டுங்கள் என்று நீ கேட்கும்போதெல்லாம் சிக்னல் இல்லை என்று போனை வைத்தேனே, சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை, காட்டுவதற்குத்தான் மீன் இல்லை. நீ கொரோனா காலத்தில் சிமெண்ட் பூசி அல்லிக்கொடி போட்டு வளர்த்த தொட்டியில் இப்போது மிச்சம் இருப்பது, கழுத்தில் வெள்ளைப் பட்டை இருக்கிறதென்று நீ பாஸ்டர் என்று பேர் வைத்த பெரிய மீனும் அதன் பின்னாலேயே சுற்றுகிற குட்டை வால் மீனும்தான். குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாளே தொட்டி வெறிச்சென்று பட்டது எனக்கு. முதலில் உன் அப்பாவைத்தான் சந்தேகப்பட்டேன், கொசு வருகிறது என்று அவர்தானே எப்போதும் தொட்டியைக் குறை சொல்வார். துறைமுகத்தில் இத்தனை வருஷம் கண்டெய்னர் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்த்த மனுஷன், வீட்டுத் தொட்டியில் மீன் குறைந்ததைப் பார்க்கவில்லையாம், நம்புகிற மாதிரியா இருக்கிறது. அப்புறம் தண்ணீர் கேன் போடுகிறவனைச் சந்தேகப்பட்டேன், அவன் தொட்டிப் பக்கம் திரும்பாமலேயே போகிறான், திருடன்தான் அப்படிப் பார்க்காத மாதிரி போவான். கடைசியில் தொட்டி விளிம்பில் செதில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டு இசக்கியம்மாளின் மஞ்சள் பூனை பவுனு இருக்கிறதே, அது காலையில் நடுச்சுவரில் ஏறி உட்கார்ந்து தொட்டியையே முறைத்துக்கொண்டு இருக்கும், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று சுவரோரம் நின்று அவள் காதில் விழும்படி நன்றாகவே சொன்னேன். அவள் வெளியே வந்து, “யக்கா, எம் பூனை மீனத் தின்னதை நீங்க கண்ணால பாத்தியளா?” என்று கேட்டாள். மீசையைப் பார்த்தாலே தெரிகிறதே என்று நானும் விடவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். பெரிய வியாழன் அன்று பூனையைக் கூடையில் வைத்துக் கட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் மகள் பானுப்ரியா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, “இனி உங்க மீனு உங்களுக்குத்தான்” என்று சொன்னாள். எனக்கு அப்போது ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பினால் தொட்டியில் பாதி மீன் இல்லை. பூனை ஊரிலேயே இல்லை, மீன் எங்கே போகும். கோபத்தில் இசக்கியே சுவரைத் தாண்டி மாவு சலிக்கிற அரிப்பை விட்டு அள்ளியிருப்பாளோ என்றுகூட நினைத்தேன் ரேச்சல், கோயிலில் மன்னிப்பைப் பற்றிய பிரசங்கத்தை முழுதும் கேட்டுவிட்டு வந்த சூடு ஆறவில்லை, அதற்குள் அப்படி நினைத்தேன். ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை முடிந்து அப்பா எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றார், நான் மட்டும் முன்னால் வந்து பின்பக்க கேட்டைத் திறந்தேன். தொட்டி ஓரத்தில் ஒரு பன்னாடை கிடந்தது. அந்த வாரத்தில் அடிக்கடி அதைப் பார்த்திருக்கிறேன், தென்னையிலிருந்து விழுந்ததுதானே, அப்புறம் பெருக்கலாம் என்று விட்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பன்னாடை கழுத்தை நீட்டி ஒரு மீனைக் கவ்வியது. குருட்டுக்கொக்கு, சிறகை மடக்கி உட்கார்ந்தால் அதன் முதுகு அப்படியே பன்னாடை நிறம். நான் கத்தியதும் வெள்ளைச் சிறகை விரித்துக்கொண்டு மேலே போனது, நானும் அண்ணாந்து பார்த்தேன், அப்போதுதான் புத்திக்கு எட்டியது, தொட்டிக்கு மேலே வெறும் வானம்தான் இருந்தது. இந்த வருஷம் சபைக்குக் குருத்தோலை எல்லாம் நம் மரத்திலிருந்துதான் போக வேண்டும் என்று நான்தான் ஆள் ஏற்றினேன், ஏறியவனிடம் தொங்குகிற மட்டைகளையும் கழித்துவிடு, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்றும் நான்தான் சொன்னேன். சபையில் எல்லோரும் மெச்சினார்கள். அந்த மட்டைகள்தான் நீ வளர்த்த மீனை இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தது, அது போன பிறகு அந்தக் கொக்குக்குப் பயம் காட்டச் சுவரில் இருந்தது பவுனு ஒன்றுதான், அதையும் நானே ஊரைவிட்டு அனுப்பிவிட்டேன்.

இப்போது அப்பா புன்னைக்காயலில் தெரிந்தவரிடம் கேட்டுப் பழைய வலைத்துண்டு வாங்கி வந்து தொட்டிமேல் கட்டியிருக்கிறார், அவர் கட்டியது எத்தனை நாள் நிற்குமோ. திங்கட்கிழமை விடியும்போது இசக்கி வீட்டு மொட்டை மாடியில் தட்டில் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. என் ஜெபத்தைக் கெடுக்கத்தான் தட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் தட்டினாள். அடுக்களை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், அவள் வீட்டுத் தண்ணீர் டேங்கில் வந்து உட்காரும் அந்தக் கொக்கை அவள் விரட்டிக்கொண்டிருக்கிறாள், நம் தொட்டிப் பக்கம் இறங்கவிடாமல். ஈஸ்டருக்கு எப்போதும் அவளுக்குப் போகும் பிரியாணியைக்கூட நான் பாத்திரத்தோடு சுவர் வரைக்கும் எடுத்துப்போய், வாய் வராமல் திருப்பிக்கொண்டு வந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யக்கா என்று கூப்பிடும் குரல் இல்லாமல் எனக்குப் பொழுதே போகவில்லை. மீன் போனால் வாங்கலாம்.

நீ சரியாகச் சாப்பிடு, நைட் டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பானுப்ரியா உன்னோடு படித்தவள்தானே, அவளுக்கு மெசேஜ் போட்டு பவுனைத் திரும்பக் கொண்டுவந்து விடச் சொல், உன் மீனுக்குக் காவல் வேண்டும் என்று நீயாகக் கேட்கிற மாதிரி கேள். நான் சொன்னதாக மூச்சு விடாதே. எப்படியும் இசக்கி கண்டுபிடித்துவிடுவாள், அவளுக்கு எதிலும் சந்தேக புத்தி.

உன் பிரியமுள்ள அம்மா,
ஜீவமணி கிருபாநிதி